தங்கபுஷ்பத்தின் எண்

நெய்தல்புரம் மாவட்டம் எந்த இடத்தில் அடித்தால் விழும் என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் பாக்கியசீலியின் வேலை. சம்பளம் வாங்கிக்கொண்டு ஊருக்குக் கெட்டது நினைக்கிற உத்தியோகம் என்று அவள் கணவன் கேலி செய்வான். அவன் சொல்வதில் பாதி உண்மை.

இரண்டு வருஷத்துக்கு முன்பு அப்படி ஒரு பதவியே கிடையாது. மக்கள் இன்றும் 'மூன்று நாள் இருட்டு' என்று சொல்கிறார்களே, அது வந்துபோன பிறகுதான் உண்டாக்கினார்கள். எங்கோ இருந்து யாரோ கணினி வழியாக உள்ளே புகுந்து, தென்கோடியில் நான்கு மாவட்டங்களின் மின்சாரத்தையும் குடிநீரையும் ஒரே சமயத்தில் நிறுத்திவிட்டார்கள். ஐந்தாவதான நெய்தல்புரம் மட்டும் தப்பியது. ஏன் தப்பியது என்று ஒருவருக்கும் தெரியாது. தெரியாத காரணத்தால் எல்லா அதிகாரிகளும் தங்களால்தான் என்று சொல்லிக்கொண்டார்கள்.

பாக்கியசீலியிடம் இருந்த மென்பொருளின் பெயர் முடிச்சறி. மாவட்டத்தின் முப்பத்தெட்டு நீர், மின் நிலையங்களையும், அவற்றை இணைக்கும் கணினிகளையும், அவற்றோடு பேசும் தொலைபேசிகளையும் அது ஒரு பெரிய வலையாக வரைந்துகொள்ளும். பிறகு ஒவ்வொரு முடிச்சாக இல்லை என்று வைத்துக்கொண்டு, வலை எவ்வளவு கிழிகிறது என்று பார்த்து நூற்றுக்கு மதிப்பெண் போடும். அறுபதைத் தாண்டினால் திரையில் சிவப்புப் புள்ளி. அதற்கு உயிர்முடிச்சு என்று பெயர். உயிர்முடிச்சைக் காப்பாற்ற ஒரு தனிச் சட்டமே வந்திருந்தது.

பாதாள அறையில் நாயும் துப்பாக்கியுமாகக் காவல் இருக்கும் பெரிய சர்வர்தான் சிவப்பாகும் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அதற்குப் பதினான்குதான் கிடைத்தது. தொண்ணூற்றொன்று வாங்கியது ஒரு செல்பேசி எண். அரசாங்கத்தின் எந்தப் பட்டியலிலும் அந்த எண் இல்லை.

மென்பொருளில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டே பாக்கியசீலி அந்த எண்ணைத் தேடிப் போனாள். அடுத்த மாதம் அவளுக்குக் கணவனும் பிள்ளையும் இருக்கிற திருநெல்வேலிக்கு மாற்றல். உத்தரவு கையில் வந்துவிட்டது. இரண்டு வருஷமாகச் சனி, ஞாயிறுகளில் மட்டும் மனைவியாகவும் தாயாகவும் இருந்தவள் அவள். போவதற்கு முன் இந்த ஒரு கோளாறைச் சரிசெய்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தாள்.

உப்பளத்தை ஒட்டிய காலனியில், கதவைத் திறந்து போட்டுக்கொண்டு ஒரு பெண் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். பெயர் தங்கபுஷ்பம். தையல் மெஷின் மேலேயே செல்பேசி சார்ஜில் கிடந்தது. பாக்கியசீலி தன்னை யாரென்று சொல்வதற்குள் அது அடித்தது. தங்கபுஷ்பம் எடுத்துக் கேட்டாள். "எதுக்குண்ணே?" என்றாள். மறுமுனை என்னவோ சொன்னது. "மதினி கால் புண்ணு ஆறிட்டா? சரி, குறிச்சுக்கிடுங்க" என்று ஆறு இலக்கங்களை வாசித்துவிட்டு வைத்தாள்.

பாக்கியசீலி எட்டிச் செல் திரையைப் பார்த்தாள். அது பதினேழாம் நிலையத்தின் வால்வைத் திறக்கும் கடவு எண். எந்த நிலையத்தில் எந்தப் பெரிய வால்வைத் திறக்கவும் மூடவும், மின்பாதையை மாற்றவும் அப்படி ஓர் ஓடிபி வேண்டும். அது வந்து விழவேண்டியது பொறுப்பான அதிகாரி ஒருவரின் செல்பேசியில்.

நடந்தது என்னவென்று தங்கபுஷ்பம் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே சொன்னாள். ஏழு வருஷத்துக்கு முன்னால் கணினிகளை மாட்ட வந்தவர்கள், ஓடிபி அனுப்ப ஒரு செல் நம்பர் வேண்டும் என்று கேட்டார்கள். நாளைக்கு ஏதாவது ஒன்று ஆனால் விசாரணை என்று தன் தலையில் விடியுமே என்று எந்த அதிகாரியும் தன் நம்பரைத் தரவில்லை. கடைசியில், மூலையில் உட்கார்ந்து தட்டச்சு செய்துகொண்டிருந்த ஒப்பந்தப் பணியாளரின் நம்பரைக் கொடுத்துவிட்டார்கள். தற்காலிகமாகத்தான், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். இரண்டு வருஷம் கழித்து ஒப்பந்தம் முடிந்து அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். நம்பரை மாற்ற ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

"நான் எடுக்கலைன்னா தண்ணி வராதுல்லா மேடம். அதான் எடுத்துக்கிட்டே இருக்கேன்" என்றாள்.

ஐந்து வருஷம். ஒரு பைசா சம்பளம் இல்லை. கோயிலுக்குப் போனாலும் சந்தைக்குப் போனாலும் செல்லும் கையுமாக. முப்பத்தெட்டு நிலையத்து ஆட்களையும் குரலை வைத்தே அவளுக்குத் தெரியும். ஒவ்வொருவர் வீட்டு நிலவரமும் தெரியும். எதுக்கு என்று கேட்காமல் அவள் யாருக்கும் நம்பர் சொன்னதில்லை.

பாக்கியசீலிக்கு ஏதோ பொறி தட்டியது. மூன்று நாள் இருட்டின்போது வித்தியாசமாக யாராவது பேசினார்களா என்று கேட்டாள். தங்கபுஷ்பம் கொஞ்சம் யோசித்தாள்.

"பதினேழு அய்யாதுரை அண்ணன் குரல்லயே ஒருத்தன் பேசினான். மெயின் வால்வை மூடணும், நம்பர் சொல்லுன்னான். எதுக்குன்னேன், மேலிடத்து உத்தரவுன்னான். அண்ணன் அப்படிப் பேசமாட்டாவ. மதினிக்கு அப்பவே கால்ல புண்ணு. கால் எப்படி இருக்குன்னு கேட்டேன். எந்தக் காலுன்னு கேக்கான். ராங் நம்பருன்னு வச்சுட்டேன்."

ஒரு மாவட்டமே தப்பிய கதை அவ்வளவுதான். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லும்படியான விஷயம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

முடிச்சறி என்ன செய்யும் என்று பாக்கியசீலி விளக்கினாள். ஒவ்வொருவரையும் இல்லை என்று வைத்துப் பார்க்கும், அவர்கள் இல்லாவிட்டால் எவ்வளவு நிற்கும் என்று சொல்லும் என்றாள்.

"நான் செத்தா என்ன ஆகும்னு பாக்குற மெஷினா?" என்று தங்கபுஷ்பம் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அலமாரியைத் திறந்து ஒரு விமான டிக்கெட்டை எடுத்துக் காட்டினாள். மஸ்கட்டில் இருக்கும் மகள் ஜெனிட்டாவுக்குப் பிரசவம். முதல் பிள்ளை ஏழாம் மாதத்திலேயே தவறிவிட்டது. அப்போது பக்கத்தில் ஒருவரும் இல்லை. மருமகன் எண்ணெய்க் கிணற்று வேலையில் இருந்தான், இவள் இங்கே இந்தச் செல்லைக் காத்துக்கொண்டிருந்தாள். இந்த மாதம் இருபத்துமூன்றாம் தேதி விமானம்.

"நம்பரை யார்கிட்ட குடுக்கன்னு தெரியாம கிடந்தேன். நீங்க வந்துட்டிய. எப்படியாவது என்னை விடுவிச்சு விட்டுருங்க மேடம். இந்தத் தடவை அவ தனியா கிடக்கக் கூடாது."

கட்டாயம் செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் பாக்கியசீலி வந்தாள். நம்பரை மாற்றினால் முடிந்தது, அரை மணி நேர வேலை என்றுதான் அவள் மனதார நம்பினாள். அன்றைக்கே அறிக்கை எழுதி இயக்குநர் பரமார்த்தலிங்கத்திடம் கொடுத்தாள்.

பரமார்த்தலிங்கம் கெட்டவர் அல்ல. மனைவி கோமதி இறந்த பிறகு மதியச் சாப்பாட்டைக் கேண்டீனில் வாங்கி, மேஜையிலேயே தனியாகச் சாப்பிட்டுவிட்டு, கோப்புகளில் ஒன்றைக்கூடத் தேங்கவிடாமல் வேலை பார்க்கிற மனிதர். அறிக்கையை இரண்டு தடவை படித்தார். சட்டப் புத்தகத்தை எடுத்தார். உயிர்முடிச்சு இயந்திரமானால் காவல் போடவேண்டும். மனிதரானால் அவரை மாவட்டத்துக்குள் ஒரு பாதுகாப்பான இடத்தில் வைக்கவேண்டும், வேலை சம்பந்தமான அழைப்புகளைத் தவிர வெளித்தொடர்பு கூடாது. மாவட்டத்தில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை என்று முடிச்சறி காட்டி, பொறியாளரான பாக்கியசீலி சான்று எழுதிக் கொடுக்கும் நாளில்தான் அவரை விடலாம்.

"சட்டம் இயந்திரத்தை நினைச்சு எழுதினது சார்" என்றாள் பாக்கியசீலி.

"இருக்கலாம்மா. ஆனா இந்தம்மாவை யாராவது தூக்கிட்டுப் போனா அஞ்சு லட்சம் பேருக்குத் தண்ணி கிடையாது. சட்டம் சொல்றதும் அதைத்தானே?" என்றார் அவர். அவள் எழுதிய அறிக்கையில் இருந்த வரிதான் அது.

மறுநாள் காலை தங்கபுஷ்பத்தைப் பயணியர் விடுதிக்குக் கொண்டுபோனார்கள். தையல் மெஷினையும் ஏற்றிக்கொண்டு போனது மட்டும் பரமார்த்தலிங்கம் காட்டிய இரக்கம். ஜீப்பில் ஏறும்போது அவள் பாக்கியசீலியைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "இருபத்துமூணாம் தேதிக்குள்ள ஆயிரும்லா மேடம்?" என்று மட்டும் கேட்டாள். பாக்கியசீலிக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. நல்லது செய்கிறோம் என்று நினைத்து ஒரு மனுஷியைப் பிடித்துக் கொடுத்திருக்கிறாள்.

நம்பரைக் கட்டுப்பாட்டு அறைக்கு மாற்றினார்கள். மூன்று ஷிப்டு, மூன்று அலுவலர்கள். ஓடிபி கேட்டால் படிவ எண், பணியாளர் எண், மேலதிகாரி ஒப்புதல் எண் எல்லாம் சரிபார்த்துத்தான் கொடுக்கவேண்டும் என்று விதி போட்டார்கள். கட்டுப்பாட்டு அறை சிவப்பாகும், அது அரசுக் கட்டடம்தான், பிறகு அதை நாலாகப் பிரித்துக் குறைத்துவிடலாம் என்பது பாக்கியசீலியின் கணக்கு. நாள் தவறாமல் முடிச்சறியை ஓட்டினாள். அறுபது, நாற்பத்திரண்டு, இருபது என்று எண்கள் தாமாகவே இறங்கின. அவள் பிரிக்கவே இல்லை, ஆனாலும் இறங்கின. இருபத்திரண்டாம் தேதி காலையில் மாவட்டம் முழுவதும் பச்சை. இருப்பதிலேயே பெரிய எண் மூன்று.

பரமார்த்தலிங்கம் முகத்தில் இந்த இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு சிரிப்பைப் பார்த்தாள். தமிழ்நாட்டிலேயே உயிர்முடிச்சு இல்லாத முதல் மாவட்டம் என்று தலைமையகத்துக்குச் செய்தி அனுப்பிவிட்டார். சான்று எழுதிக் கொடுங்கள், அந்தம்மாவை நாளைக்கு விமானம் ஏற்றிவிடலாம் என்றார். அவருக்கும் அந்த டிக்கெட் உறுத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

பாக்கியசீலி சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவளால் முடியவில்லை. நன்றாக இருக்கிற எந்த வலையிலும் ஏதாவது ஒரு முடிச்சுக்கு இருபதாவது வரும். இரண்டு நிலையங்களைத் தொட்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழி காட்டு என்று முடிச்சறியிடம் கேட்டாள். வழி இல்லை என்றது. வேறு இரண்டைத் தொட்டாள். அங்கும் இல்லை. காரை எடுத்துக்கொண்டு பதினேழாம் நிலையத்துக்குப் போனாள்.

கால் புண் மதினியின் வீட்டுக்காரரான அய்யாதுரை நாற்காலியில் உட்கார்ந்து தினசரி படித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு பெரிய சுவிட்ச், 'தனி இயக்கம்' என்ற பக்கம் தள்ளப்பட்டு, யாரும் தெரியாமல் தட்டிவிடாதபடி கைக்குட்டையால் கட்டப்பட்டிருந்தது. தீ விபத்து மாதிரி சமயத்தில் நிலையத்தை வலையிலிருந்து துண்டித்துக் கையால் ஓட்டுவதற்கான சுவிட்ச் அது.

அவள் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவர் எழுந்து நின்றார். மறைக்கவில்லை. புதிய ஆட்கள் படிவ எண் கேட்கிறார்கள், படிவம் வர மூன்று மணி நேரம் ஆகிறது, அதற்குள் மேட்டுத் தெருவில் சனங்கள் குடத்தோடு வந்து நிற்கிறார்கள் என்றார். சுவிட்சைத் தள்ளிவிட்டால் ஓடிபியே வேண்டாம், தன் வால்வைத் தானே திருப்பிக்கொள்ளலாம்.

"எல்லாருமா?" என்று கேட்டாள்.

"முப்பத்தெட்டும்தாம்மா. உங்க ரூம்ல லைட்டு பச்சையாத்தான் எரியும், உங்களுக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு. கிழக்கே ஆஸ்பத்திரித் தொட்டிக்கு மேற்கேருந்துதான் ஏத்தணும். வழியில உள்ள எல்லாரும் சேந்து திறந்தாத்தான் போகும். இருக்குற தண்ணி நாளை சாயங்காலம் வரைக்கும்தான் காணும். புஷ்பக்கா இருந்தா ஒரே போன்ல முடிஞ்சிருக்கும்."

பச்சைக்கு அர்த்தம் அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. எந்த முடிச்சை அவிழ்த்தாலும் கிழியவில்லை என்றால், வலை முன்பே முப்பத்தெட்டுத் துண்டாகக் கிழிந்து கிடக்கிறது என்று பொருள். செத்துப்போன ஒன்றை யாரும் கொல்லமுடியாது என்கிற மாதிரியான பாதுகாப்பு அது.

திரும்பும் வழியில் உப்பளத்துப் பக்கம் காரை நிறுத்திவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். உண்மையைச் சொன்னால் இன்றே நம்பர் பழையபடி தங்கபுஷ்பத்திடம் போகும், சிவப்பு வரும், விமானம் போய்விடும். ஜெனிட்டா இரண்டாவது தடவையும் தனியாகக் கிடப்பாள். சொல்லாவிட்டால் நாளை சாயங்காலம் ஆஸ்பத்திரிக் குழாயில் காற்றுதான் வரும். நான்கு மணிக்கு அலுவலகத்துக்கு வந்து, 'மாவட்டத்தில் உயிர்முடிச்சு எதுவும் இல்லை' என்று சான்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவள் வாழ்க்கையில் எழுதிய முதல் பொய்ச் சான்று. எழுத்துப்பிழை இல்லாமல் எழுதினாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தன் காரிலேயே தங்கபுஷ்பத்தைத் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு அழைத்துப் போனாள். ஊர் எல்லை தாண்டியதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். தங்கபுஷ்பம் பதறிப்போய் வண்டியைத் திருப்பச் சொன்னாள்.

"திருப்ப மாட்டேன்க்கா. எனக்கு ஒரு உதவி மட்டும் செய்ங்க. அந்த முப்பத்தெட்டு பேரையும் பத்திச் சொல்லுங்க. வீட்டைப் பத்தி. குரலைப் பத்தி. எல்லாம்."

தங்கபுஷ்பம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். ஒன்றாம் நிலையம் சவரிமுத்து, பேசுவதற்கு முன்னால் ஒரு இருமல் இருமுவார், மகள் சண்டை போட்டுக்கொண்டு வீட்டோடு வந்து இருக்கிறாள். ஒன்பது பால்பாண்டி, கோபக்காரர், அவரிடம் முதலில் மாட்டைப் பற்றிக் கேட்கவேண்டும். இருபத்தாறில் சண்முகவடிவு, குடிகாரப் புருஷன் பக்கத்தில் இருந்தால் 'ஆமாங்க்கா' என்று இழுத்துச் சொல்லுவாள், அப்போது நம்பர் கொடுக்கக்கூடாது. நான்கு மணி நேரம் அவள் நிறுத்தாமல் சொன்னாள். ஒரு மாவட்டத்தின் பாதுகாப்பு ஏற்பாடு முழுவதும் அந்தப் பெண்ணின் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது.

ஒன்றே கால் மணிக்கு விமானம் கிளம்பியது. விமான நிலையத்து நிறுத்தத்தில், வெயிலில் கொதித்துக் கிடந்த காருக்குள் உட்கார்ந்து, பொறியாளர் அதிகாரத்தில் ஓடிபி எண்ணைத் தன் செல்லுக்கு மாற்றினாள். பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். புஷ்பக்கா அனுப்பினார்கள் என்றாள். பலர் நம்பவில்லை. சவரிமுத்து இருமிவிட்டு வைத்தேவிட்டார். மகளைப் பற்றி இரண்டாம் தடவை கேட்டபோதுதான் பேசினார். பால்பாண்டியின் மாடு சினையாக இருந்தது. மூன்று மணிக்குள் இருபது பேர் சுவிட்சைப் பழையபடி வலைப் பக்கம் திருப்பினார்கள். நாலரைக்கு முப்பத்தைந்து. கிழக்குத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறத் தொடங்கிவிட்டது என்று அய்யாதுரை கூப்பிட்டுச் சொன்னபோது அவள் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள்.

அடுத்த நாள் முற்பகல் பரமார்த்தலிங்கத்தின் அறையில் நின்றாள். திரையில் நடுநாயகமாக ஒரு சிவப்புப் புள்ளி. எண்பத்தெட்டு. அவளுடைய எண். நடந்ததை ஒன்று விடாமல் அவள் சொல்லி முடித்திருந்தாள். பொய்ச் சான்றையும் சொன்னாள். தங்கபுஷ்பம் காலையில் அனுப்பிய குரல் செய்தியையும் போட்டுக் காட்டினாள். 'வந்து சேந்துட்டேன் தங்கச்சி. பிள்ளை கையைப் பிடிச்சிக்கிட்டுத்தான் உக்காந்திருக்கேன்' என்றது செய்தி.

அவர் கோபப்படவில்லை. மிகவும் களைத்துப்போனவராகத் தெரிந்தார். உயிர்முடிச்சுப் படிவத்தை எடுத்து அவள் பெயரை எழுதினார். திருநெல்வேலி மாற்றல் ரத்தாகும், பயணியர் விடுதியில் அதே அறைதான் என்றார். தெரியும் என்றாள். நேற்றே கணவனிடம் சொல்லியாகிவிட்டது. அவன் கேலி செய்யவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

கையெழுத்துப் போட அவர் பேனாவை வைத்தபோது அவள் செல் அடித்தது. ஓர் ஓடிபி வந்து விழுந்தது, கூடவே அழைப்பு. ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தாள்.

"பாக்கியசீலி, பரமார்த்தலிங்கம் பேசுறேன்ம்மா. கிழக்குத் தொட்டி வால்வை உடனே மூடணும். நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க."

அதே குரல். வாக்கியத்துக்கு நடுவில் அவர் மூச்சு வாங்கும் விதம்கூட அதேதான். எதிரில் உட்கார்ந்திருந்தவர் அசையாமல் செல்லையே பார்த்தார்.

"எதுக்கு சார்?" என்றாள்.

"குழாய் வெடிச்சிருக்கு. சீக்கிரம்."

"சரி சார். கேக்கணும்னே இருந்தேன், மேடத்துக்கு உடம்பு எப்படி இருக்கு?"

"பரவாயில்ல, நல்லா இருக்கா. நம்பரைச் சொல்லுங்க."

பாக்கியசீலி தொடர்பைத் துண்டித்தாள். அவர் முன்னால் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக்கூடாது என்று அதற்குப் பிறகுதான் உறைத்தது. மன்னிச்சிருங்க சார் என்றாள். அவர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. தன் குரலிலேயே ஒருவன், கோமதி நல்லா இருக்கா என்று சொல்லிக் கேட்ட மனிதரின் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை.

கடைசியில் அவர் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். சட்டம் சட்டம்தான். பிறகு தன் செல்லை எடுத்து அவள் செல்லுக்குப் பக்கத்தில் வைத்தார். ஏழு வருஷத்துக்கு முன்னால் நம்பர் கேட்டபோது நானும் அந்த அறையில்தான் இருந்தேன் என்றார். அதை அவர் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"இந்த நம்பரையும் சேத்துருங்க. ரெண்டு பேருக்குத் தெரிஞ்சா எண்பத்தெட்டு பாதியாகும்ல?"

"ஆகும் சார். ஆனா அவங்க உங்களை நம்பணும். அதுக்கு எல்லாரையும் உங்களுக்குத் தெரியணும்."

அவர் எழுந்து போய் இன்னொரு நாற்காலியை இழுத்து வந்து அவளை உட்காரச் சொன்னார். மேஜையில் கிடந்த கோப்புகளை ஓரமாக ஒதுக்கினார்.

"சவரிமுத்துன்னு சொன்னீங்களே, அவர்கிட்டேருந்து ஆரம்பிங்க" என்றார். "அவர் பொண்ணு ஏன் வீட்டோட வந்துட்டா?"